நீலகிரியில் வேலை கிடைத்துவிட்டதா? வீடு பார்க்க மே மாதம் வராதீர்கள், மழையில் வாருங்கள்

"ஊட்டிப் பக்கம் வேலை கிடைச்சிருக்கு அண்ணா, ஒரு வீடு பார்த்துச் சொல்லுங்க" என்று மாதத்துக்கு ஒருவராவது போன் பண்ணிவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். நான் கோவையிலிருந்து மேலே வந்து பதினொரு வருஷம், இதில் நாலு வீடு மாறியாயிற்று. இரண்டு வீடு என் முட்டாள்தனத்தால், ஒன்று சுவரில் ஏறிய ஈரத்தால், அதாவது ஓதத்தால், ஒன்று சீசனால்.

முதலில் ஒரு விசித்திரத்தைச் சொல்கிறேன். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர், 2011ல் 7,35,394 பேர். தமிழ்நாடு முழுக்க ஜனம் கூடிக்கொண்டே போன பத்து வருஷத்தில் இங்கே குறைந்திருக்கிறது. பச்சைத் தேயிலை விலை படுத்துவிட, பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. சரி, ஆள் குறைந்தால் வீடு மிஞ்ச வேண்டும் அல்லவா? மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் காடு, மீதியில் தேயிலையும் சரிவும், கட்டிடம் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி, இதற்கு நடுவே வெளியூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்த பங்களாக்கள், இருக்கிற நல்ல வீடுகளும் ஒவ்வொன்றாகக் காட்டேஜ், ஹோம்ஸ்டே ஆகிக்கொண்டிருக்கின்றன. ஒரு குடும்பம் மாசம் முழுக்கத் தரும் வாடகையை மே மாதத்தில் மூன்று நாளில் எடுத்துவிடலாம் என்றால் வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்.

அதனால்தான் தலைப்பில் சொன்னேன், வீடு பார்க்க ஏப்ரல், மே மாதம் வராதீர்கள். அப்போது வாடகையும் உச்சத்தில் இருக்கும், வீடும் பொய் சொல்லும். வெயிலில் காய்ந்து, புது பெயின்ட் அடித்து, எதிரே மலை தெரிய ஜோராக நிற்கும். மழையில் வந்து பார்த்தால்தான் அதன் உண்மையான குணம் தெரியும். எந்த மழை என்பது நீங்கள் போகிற இடத்தைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், நடுவட்டம், மஞ்சூர்ப் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் அக்டோபர் கடைசியும் நவம்பரும். ஊட்டிக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, அது போதாதென்று டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி விழுந்து கிடக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனால் குஞ்சப்பனையில் மின்விசிறி வேண்டும், அவலாஞ்சிப் பக்கம் ஜூலையில் கம்பளி காயாது.

வேலையைப் பற்றி முதலில். சம்பளம் பேசும்போதே "குவார்ட்டர்ஸ் உண்டா?" என்று கேட்டுவிடுங்கள், கூச்சமே வேண்டாம். இங்கே குவார்ட்டர்ஸ் உள்ள 20,000 ரூபாய் வேலை, குவார்ட்டர்ஸ் இல்லாத 27,000 ரூபாய் வேலையை விட மேல் என்பது என் கணக்கு. விடுதியோடு நடக்கிற பள்ளிகள், எஸ்டேட்டுகள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டன் ராணுவப் பகுதி, பெரிய ஓட்டல்கள், இவர்களிடமெல்லாம் ஏதோ ஒரு வகைத் தங்குமிடம் இருக்கும். ஆனால் குவார்ட்டர்ஸ் என்பது வேலையோடு வருவது, வேலையோடு போவது. எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த வீட்டில், முப்பது வருஷம் இருந்து, ரிட்டயர் ஆன மறுநாள் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறவர்கள் இந்த மலையில் நிறையப் பேர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தார்கள், அதுதான் இப்போதைய டான்டீ. அங்கேயும் இதே கதைதான் ஓடுகிறது. சீசன் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டலில் மார்ச்சில் கூப்பிட்டு ஜூனில் "போய்ட்டு செப்டம்பர்ல வாப்பா" என்பார்கள், நீங்கள் வாடகைக்கு எடுத்த வீடோ பன்னிரண்டு மாதமும் வாடகை கேட்கும். அரசு வேலை என்றால் மலைப்படி, குளிர்காலப் படி உண்டு, அது கம்பளிக்கும் கீசருக்கும் சரியாகப் போய்விடும்.

இப்போது வீடு. இணையத்தில் பார்த்து அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். இங்கே நல்ல வீடுகள் விளம்பரத்துக்கே வருவதில்லை, வாய்வழியாகவே கைமாறிவிடும். டீக்கடை, மளிகைக் கடை, கேஸ் சிலிண்டர் போடுகிற பையன், ஆட்டோ ஸ்டாண்ட், இந்த நாலு இடத்தில் சொல்லி வையுங்கள். சிலிண்டர் போடுகிறவருக்குத் தெரியாத காலி வீடு இந்த மலையில் கிடையாது, என் இப்போதைய வீட்டை எனக்குக் காட்டியவர் அவர்தான். படுகர் ஹட்டிகளில், அதாவது படுக சமூகத்தாரின் ஊர்களில், வாடகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள், கட்டுப்பாடு கொஞ்சம் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலி என்றால் ஊரே எழுந்து வரும். தேடும் வட்டத்தையும் ஊட்டி டவுனுக்குள் அடைத்துக்கொள்ள வேண்டாம். கேத்தி, எல்லநள்ளி, அருவங்காடு, ஜெகதளா, கட்டபெட்டு என்று பஸ் ரோட்டைப் பிடித்தே போய்ப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் விசாரியுங்கள், அந்த ஊருக்கு நைட் ஹால்ட் பஸ் உண்டா என்று. ராத்திரி வந்து தங்கி காலையில் முதல் ஆளாகக் கிளம்புகிற பஸ் இருக்கிற ஊர் என்றால் வேலைக்குப் போய் வர வண்டி இல்லாமலே சமாளிக்கலாம். பெண்களுக்கான இலவசப் பயணம் 2024 முதல் மலைப் பகுதிக்கும் வந்துவிட்டது, அதையும் கணக்கில் சேருங்கள்.

வீட்டுக்குள் போனதும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்காதீர்கள். அலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள்.

சிரிக்க வேண்டாம். என் இரண்டாவது வீட்டை மே மாதம் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற சுவர், கீழே பள்ளத்தில் தேயிலை, அப்பால் ரயில் தண்டவாளம். வீட்டுக்கார அம்மா ஏலக்காய் டீ கொடுத்தார், அதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். ஜூலையில் கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூசணம் ஏற ஆரம்பித்தது, ஆகஸ்டில் என் கல்யாணக் கோட்டின் மேல் பச்சையாக ஒரு மயிர்ப் படலம். "தம்பி, இந்த ஊர்ல எல்லா வீடும் அப்படித்தான்" என்றார் அதே அம்மா. எல்லா வீடும் அப்படியில்லை. பின்சுவர் மண்ணை அணைத்து நிற்கிற வீடுகள் மட்டும்தான் அப்படி. சரிவை வெட்டிக் கட்டுகிறார்கள், வெட்டிய மண்ணுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்கிற அளவு சந்து விட்டிருந்தால் தண்ணீர் அதில் ஓடிவிடும், விடாவிட்டால் சுவரே குடிக்கும். ஆகவே வீட்டைச் சுற்றி வந்து பின்பக்கச் சந்து இருக்கிறதா என்று பாருங்கள். சுவரின் கீழ்ப்பகுதியை நகத்தால் அழுத்துங்கள், பொருபொருவென்று உதிர்ந்தால் அல்லது உப்புப் பூத்திருந்தால் அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயின்ட் என்றால் கேள்வியே வேண்டாம். அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம் "ஜூலையில துணி எங்க காயப் போடுவீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் வெயில் விழுகிற பக்கம், காற்று, ஓதம், எல்லாம் வந்துவிடும்.

அடுத்தது தடுப்புச் சுவர். இதில் மட்டும் அழகோ வாடகையோ பார்க்காதீர்கள். 2009 நவம்பரில் நாலைந்து நாள் கொட்டிய மழையில் மண் சரிந்து இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. வீட்டுக்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் இருக்கும், இரண்டையும் பாருங்கள். சுவரில் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். மழை பெய்து முடித்ததும் அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் நல்லது. நல்ல மழையிலும் துளைகள் காய்ந்து கிடந்தால் தண்ணீர் உள்ளே தேங்கி நிற்கிறது என்று சந்தேகப்படுங்கள். சுவர் நடுவில் தொப்பை தள்ளியிருந்தாலோ, முற்றத்தில் சுவருக்கு இணையாக நீளமாக விரிசல் ஓடினாலோ வாடகை பாதி என்றாலும் வேண்டாம். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சீகை மரம் (வாட்டில்) இருந்தால் அதையும் யோசியுங்கள், ஜூன், ஜூலைக் காற்றில் மரம் விழுவது இங்கே அன்றாடச் செய்தி. நினைத்தபோது வெட்டவும் முடியாது. மலைப் பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955லேயே சட்டம் வந்துவிட்டது, அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும், அந்த அனுமதி வருவதற்குள் மரம் தானே முடிவெடுத்துவிடும்.

தண்ணீர். "முனிசிபல் தண்ணி வருதுங்க" என்றால் அதோடு விடாதீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பிரித்துக் கேளுங்கள். ஊட்டிக்குப் பார்சன்ஸ்வேலி, குன்னூருக்கு ரேலியா அணை என்று பெயரெல்லாம் பெரிதாக இருக்கும், கோடையில் குன்னூரின் மேட்டுத் தெருக்களில் பல நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர் வரும். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்குப் பொது என்பதைப் பாருங்கள். போர் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள், இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டவும் ஜேசிபி விட்டு மண் அள்ளவும் கலெக்டர் அனுமதி வேண்டும்.

படிகளை எண்ணுங்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு 112 படி என்று ஒரு வீட்டைப் பார்த்தேன், "நல்ல எக்சர்சைஸ்" என்றார் புரோக்கர். சிலிண்டருக்குச் சுமைக்கூலி, அரிசி மூட்டைக்குச் சுமைக்கூலி, அம்மாவுக்கு முட்டி வலி வந்தால் அவருக்கும் சுமைக்கூலி.

மின்சாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு பெரிய வீட்டை நாலாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருப்பார்கள், ஈபி மீட்டர் ஒன்றுதான், உங்களுக்கு ஒரு சின்ன சப் மீட்டர். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஊரறிந்த விஷயம், ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு. நாலு குடும்பம், நாலு கீசர், இரண்டு ரூம் ஹீட்டர் என்றால் அந்த ஒற்றை மீட்டர் முதல் மாதமே 500ஐத் தாண்டிவிடும், நீங்கள் சிக்கனமாக 60 யூனிட் எரித்தாலும் உச்ச விலையில்தான் கட்ட வேண்டும். ஆகவே தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதல் வாடகை கொடுக்கலாம், தப்பில்லை.

ஒப்பந்தத்துக்கு வருவோம், சீசனால் வீடு மாறினேன் என்றேனே, அது இங்கேதான். என் முதல் வீட்டுக்கு ஜூன் மாதம் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டோம், வாடகை 6,500, அட்வான்ஸ் 50,000. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். ஜூனிலிருந்து பதினொரு மாதம் என்றால் ஏப்ரல் கடைசி. சரியாக ஏப்ரல் முதல் வாரம் வீட்டுக்காரர் வந்து, சொந்தக்காரர் வருகிறார், காலி பண்ணிக் கொடுங்கள் என்றார். மே மாதம் அந்த வழியாகப் போனேன், என் வாசலில் பெங்களூரு வண்டி இரண்டு நிற்கிறது, நான் வாங்கி வைத்த ரோஜாத் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ பார்பிக்யூ சுடுகிறார்கள். மே மாதத்தில் மாற்று வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவே வேண்டாம். ஆகவே ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். ஜூலையிலோ நவம்பரிலோ முடிகிற மாதிரி போடச் சொல்லுங்கள், அதை மறுக்கிற வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வெறும் ஸ்டாம்ப் பேப்பரோடு நிறுத்தாதீர்கள். தமிழ்நாட்டில் 2017ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று அதில் இருக்கிறது, ஆனால் இருவரும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் அப்படியே என்றும் சேர்த்து இருப்பதால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழக்கம் போகவில்லை. பேசிக் குறையுங்கள். எட்டில் ஆரம்பித்தால் ஐந்தில் நிற்பார்கள்.

வரி விஷயத்தில் யார் எதைக் கட்டுவது என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். சொத்து வரி வீட்டுக்காரருடையது. நகராட்சி, பேரூராட்சிகளில் 2022ல் அதை ஏற்றினார்கள், 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். அந்த ஏற்றத்தைச் சொல்லி வாடகையையும் ஏற்றினார்கள். ஆனால் ஒரு 600 சதுர அடி வீட்டுக்கு ஆறு மாதத்துக்கு உயர்ந்தது எவ்வளவு, உங்களிடம் மாதம் ஏற்றியது எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். நீங்களே வீடு வாங்கிவிட்டால் ஒவ்வொரு அரையாண்டும் முதல் முப்பது நாளில் கட்டுங்கள், 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. உங்கள் பங்குக்குச் சம்பளத்தில் தொழில் வரி பிடிப்பார்கள், அரையாண்டு வருமானம் 21,000க்குள் என்றால் கிடையாது, எவ்வளவு சம்பாதித்தாலும் வருஷத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. பழைய வருமான வரி முறையில் வாடகைப் படிக்கு (எச்ஆர்ஏ) கழிவு கேட்பதாக இருந்தால், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். சாவி வாங்கும் முன்னால் அந்தப் பேச்சை எடுங்கள். வாங்கிய பிறகு எடுத்தால் மனுஷர் முகமே மாறிவிடும். புதிய முறைக்குப் போய்விட்டவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை, சண்டையும் இல்லை.

கோவைப் பதிவு எண்ணோடு பைக்கோ காரோ வைத்திருக்கிறீர்களா? 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, வேண்டும். நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டாம். 2025 ஏப்ரலில் இருந்து சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். வார இறுதியில் ஊருக்குப் போய்விட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்புகிற நீங்களும் வரிசையில் சுற்றுலாப் பயணிதான். சீசனில் அரசு பஸ் நிம்மதி.

"வாடகை கட்டுவதற்குப் பதில் இரண்டு சென்ட் நிலம் வாங்கிவிடலாமே" என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். வரட்டும், ஆனால் மெதுவாக. மலையில் கட்டிடங்களைக் கட்டுப்படுத்துகிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் 1990 முதல் எந்தெந்தக் கிராமங்கள் வருகின்றன என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள், தேயிலை நிலத்தை மனை என்று துண்டு போட்டு விற்பவரிடம் கட்டிட அனுமதிக் கடிதம் கேளுங்கள், பட்டாவும் வில்லங்கச் சான்றும் முப்பது வருஷத்துக்கு எடுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் விலை மலிவாக இருந்தால் காரணம் இருக்கும். ஜென்மி நில ஒழிப்புச் சட்டம் 1969ல் வந்தது, அதில் பிரிவு 17 நிலம், அதாவது உரிமை இன்னும் முடிவாகாத நிலம், என்று சொன்னாலே தள்ளி நில்லுங்கள். அங்கே தலைமுறைகளாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா இல்லை, பல இடங்களில் கரண்ட் இணைப்பு வாங்குவதே பெரும்பாடு. மசினகுடி, பொக்காபுரம் பக்கம் யானை வழித்தடம், அதை 2020ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது, ரிசார்ட்டுகளுக்கே சீல் வைத்த இடத்தில் உங்கள் இரண்டு சென்ட் எம்மாத்திரம். எல்லாம் சரியாக இருந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் குறைவு.

கடைசியாக, சாமான் ஏற்றி வருகிற நாள். பெரிய லாரி வேண்டாம், வீட்டுத் தெருவில் திரும்பாது, குட்டியானை இரண்டு நடை போதும். விடிகாலை மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் மதியத்துக்குள் இறக்கிவிடலாம், மூன்று மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் மெத்தை நனையும், எவ்வளவு தார்ப்பாய் போட்டாலும் நனையும், நனைந்த மெத்தை இந்த ஊரில் அடுத்த பிப்ரவரிக்குத்தான் காயும். முதலில் அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கி டீ போடுங்கள், பக்கத்து வீட்டுக்கும் இரண்டு டம்ளர் சேர்த்து. ராத்திரி குப்பை வாளியை வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். காலையில் படியில் காட்டுமாடு நின்றால் விரட்டாதீர்கள், ஆபீசுக்குப் போன் பண்ணி "காட்டுமாடு நிக்குது சார், அரை மணி லேட்" என்று சொல்லுங்கள், இங்கே அதற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.